டி'ஏஞ்சலோவின் ‘அன்டைட்டில்ட்’ ஏன் 25-லேயே நின்றது?

தூங்காத காது எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. 2025 அக்டோபர் 14 அன்று அமெரிக்கப் பாடகர் டி'ஏஞ்சலோ இறந்த செய்தி வந்ததும் நான் முதலில் தேடிப் போட்டது ‘அன்டைட்டில்ட் (ஹவ் டஸ் இட் ஃபீல்)’ பாட்டைத்தான். கேட்டு முடித்த கையோடு அதன் பழைய தரவரிசையையும் பார்த்தேன். அமெரிக்காவில் எல்லா வகைப் பாட்டையும் வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது எட்டிய உச்சம் 25. அதே பில்போர்டின் ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகை) பட்டியலில் 2.

பாட்டு வெளிவந்தது 2000 ஜனவரியில். அந்த மாதம் 25-ஆம் தேதி வந்த ‘வூடூ’ ஆல்பம் முதல் வாரத்திலேயே 3,20,000 பிரதிகள் விற்று ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் உட்கார்ந்தது. மறு வருடம் கிராமியில் சிறந்த ஆண் ஆர் அண்ட் பி குரலுக்கான விருதை இந்தப் பாட்டும், சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பம் விருதை ‘வூடூ’வும் வாங்கின. நியோ சோல் (பழைய சோல் இசையைப் புதுப்பித்த ஆர் அண்ட் பி) காதல் பாட்டு என்றாலே இன்றும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டு ஒரு வீட்டில் இரண்டாம் பிள்ளை, பக்கத்து வீட்டில் இருபத்தைந்தாவது ஆளா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கேசட் பெட்டி எழுதியது:

ஆர் அண்ட் பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்ததே இந்தப் பாட்டு? 2 என்று எங்கே பார்த்தீர்கள்?

---

எண்கணக்கு எழுதியது:

கேசட் பெட்டி, நீங்கள் சொல்வது வேறு பாட்டு. அது மேக்ஸ்வெல் பாடிய ‘ஃபார்ச்சுனேட்’. 1999-இல் ‘லைஃப்’ படத்துக்காக வந்தது. எட்டு வாரம் ஆர் அண்ட் பி முதலிடம், ஹாட் 100-இல் 4. இரண்டும் மெதுவான காதல் பாட்டு, இரண்டிலும் உச்சக்குரல், எட்டு ஒன்பது மாத இடைவெளியில் வந்தவை. குழம்பினால் குற்றமில்லை.

தூங்காத காது கேட்டதற்கு வருகிறேன். இரண்டு பட்டியலையும் ஒரே நிறுவனம் அச்சிட்டாலும் வாக்காளர்கள் ஒருவரல்ல. அந்தக் காலத்து ஆர் அண்ட் பி பட்டியல், அந்த இசையை வாசிக்கும் வானொலி நிலையங்களையும் அந்த இசையை விற்கும் கடைகளையும் மட்டும் கேட்டது. ஹாட் 100 எல்லா வகை நிலையங்களையும் கேட்டது: பாப், ராக், கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை), எல்லாம். அதனால் கறுப்பின நிலையங்களில் ஒரு பாட்டு நாளெல்லாம் ஓடினாலும், பாப் நிலையங்கள் அதைத் தொடவில்லை என்றால் ஹாட் 100-இல் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் எங்கோ மூச்சு முட்டி நின்றுவிடும். ‘அன்டைட்டில்ட்’ நின்ற இடம் அதுதான்.

இதில் யாரும் உட்கார்ந்து மார்க் போடுவதில்லை. நம் ஊர் டிவி டாப் டென் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். 1991 கடைசியிலிருந்தே கடையில் பார்கோடு ஸ்கேன் ஆவதையும், வானொலியில் பாட்டு ஓடுவதைக் கணினி கண்டுபிடிப்பதையும் வைத்துத்தான் ஹாட் 100-ஐக் கணக்கிட்டார்கள். அதுவும் எத்தனை முறை ஓடியது என்று மட்டும் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பதும் சேரும்.

இந்தப் பாட்டுக்கு ஒரு நல்ல நேரமும் இருந்தது. 1998 டிசம்பர் 5 வரை, கடையில் தனி சிங்கிளாக (ஆல்பமாக அல்லாமல் அந்தப் பாட்டுக்கென்றே வரும் தட்டாக) விற்காத பாட்டு ஹாட் 100-இல் நுழையவே முடியாது. ஃபூஜீஸ் குழு 1996-இல் பாடிய ‘கில்லிங் மீ சாஃப்ட்லி’ அமெரிக்கா முழுக்க ஓடியது, பிரிட்டனில் முதலிடம் வந்தது. அமெரிக்காவில் அதை சிங்கிளாக விற்கவில்லை. ஹாட் 100 வரலாற்றில் அந்தப் பதிவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது! அந்தக் குழுவின் லாரின் ஹில் பாடியதற்கே அந்தக் கதி. அந்த விதியைத் தளர்த்தி 13 மாதம் கழித்து ‘அன்டைட்டில்ட்’ வந்தது.

---

திஸ்ரநடை எழுதியது:

எண்கணக்கு சொல்வது கணக்கு. நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இதன் தாளம் ஆறு-எட்டு. நம் காதுக்குத் திஸ்ர நடை, தாலாட்டில் வருகிற அதே ஆட்டம். ஆனால் டி'ஏஞ்சலோவும் அவரோடு சேர்ந்து எழுதிய ரஃபேல் சாடிக்கும் அதை இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அடுத்த அடி விழுமா விழாதா என்று நாம் நாற்காலி நுனியில் காத்திருக்க வேண்டும். பாடகர் பிரின்ஸுக்குச் செய்த மரியாதையாகவே இதை எழுதியிருக்கிறார்கள். தொண்டையின் மேல்மாடியில் நின்று கிசுகிசுப்பதும், பின்னால் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்துக்கொள்வதும் அவரிடமிருந்து வந்தவை. ‘வூடூ’ பதிவானது நியூயார்க்கில் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில். பழைய கருவிகள், பழைய டேப். கேட்டால் அறைக்குள் யாரோ மூச்சுவிடுவது போலிருக்கும்.

ஆல்பத்தில் மொத்தம் 7 நிமிடம் 10 நொடி. முதல் ஐந்து நிமிடம் கொதிக்காமல் அடுப்பில் வைத்த பால். கடைசியில்தான் பொங்குகிறது. வானொலிக்கு அதை நறுக்கித்தான் கொடுத்தார்கள். நறுக்கினால் என்ன ஆகும்? பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்த கதை. பாப் வானொலிக்கு முதல் நிமிடத்துக்குள் பல்லவி காதில் ஒட்ட வேண்டும். இந்தப் பாட்டு அந்த அவசரத்துக்குப் பிறந்ததே இல்லை. 25 வரை போனதே எனக்கு ஆச்சரியம்.

---

எண்கணக்கு எழுதியது:

திஸ்ரநடை, ரசித்துப் படித்தேன். ஆனால் ‘மெதுவான பாட்டு, அதனால் பாப் வானொலி எடுக்கவில்லை’ என்பது நிற்காது. அதே வாரங்களில் ஹாட் 100 முதலிடத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஜனவரி கடைசியில் சாவேஜ் கார்டனின் ‘ஐ நியூ ஐ லவ்ட் யூ’. பிப்ரவரியில் மரியா கேரியின் ‘தேங்க் காட் ஐ ஃபவுண்ட் யூ’. மார்ச் தொடக்கத்தில் லோன்ஸ்டாரின் ‘அமேஸ்ட்’. மூன்றும் மெதுவான காதல் பாட்டு! 2000-ஆம் வருடத் தொடக்கம் அமெரிக்காவே உருகிக்கொண்டிருந்த காலம்.

இதில் ‘அமேஸ்ட்’தான் கவனிக்க வேண்டியது. லோன்ஸ்டார் ஒரு கன்ட்ரி குழு. பாட்டு 1999-இலேயே கன்ட்ரி பட்டியலில் எட்டு வாரம் முதலிடம் வந்துவிட்டது. அதாவது அவர்கள் வீட்டில் ஜெயித்தாகிவிட்டது. பிறகு என்ன செய்தார்கள்? கன்ட்ரி வாசனையைக் குறைத்து பாப் நிலையங்களுக்கென்று ஒரு ரீமிக்ஸ் கொடுத்தார்கள். 2000 மார்ச்சில் அது ஹாட் 100-இன் உச்சிக்குப் போனது. 1983-இல் கென்னி ராஜர்ஸும் டாலி பார்டனும் பாடிய பாட்டுக்குப் பிறகு ஒரு கன்ட்ரி பாட்டு அங்கே போனது அப்போதுதான்.

ஒரே மாதங்கள், இரண்டு காதல் பாட்டு, இரண்டும் தத்தம் வீட்டில் பெரிய வெற்றி. ஒன்றுக்கு அடுத்த வீட்டுக்குப் போக உடை மாற்றினார்கள். இன்னொன்று சட்டையே இல்லாமல் வாசலில் நின்றது. (வீடியோ பார்த்தவர்களுக்குப் புரியும்.)

பாப் நிலையங்கள் கறுப்பின இசையை மொத்தமாக ஒதுக்கின என்றும் சொல்ல மாட்டேன். மார்ச் 18 முதல் மூன்று வாரம் டெஸ்டினிஸ் சைல்டின் ‘சே மை நேம்’தான் முதலிடம். கதவு திறந்துதான் இருந்தது, அதன் உயரத்துக்குக் குனிந்தவர்களுக்கு.

---

ரயிலடி எழுதியது:

எனக்கு இந்த ‘நியோ சோல்’ என்ற பெயரே பிடிக்காது. அது கீடார் மாசன்பர்க் என்ற தயாரிப்பாளர் வியாபாரத்துக்காகப் பரப்பிய பெயர். டி'ஏஞ்சலோவுக்கு மேலாளராக இருந்தவர், பாடகி எரிகா பாடுவைக் கொண்டுவந்தவர். டி'ஏஞ்சலோவே பின்னாளில், நான் நியோ சோல் செய்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நான் செய்வது கறுப்பின இசை என்றார். நீங்கள் அந்தப் பெயரைத் தலைப்பு மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

---

தூங்காத காது எழுதியது:

ரயிலடி, சரி. பெயரைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே எண்ணிக்கைச் சண்டை நடக்கட்டும்.

---

ஸ்காபரோ பனி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1997-இல் கனடா வந்தவன். 2000-ஆம் ஆண்டு ரொறன்ரோவில் கறுப்பின இசைக்கென்று முழுநேர வர்த்தக எஃப்எம் நிலையம் எதுவும் இல்லை. ஃப்ளோ 93.5 வந்தது 2001-இல்தான். அதுவரை நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவிலிருந்து வரும் 93.7 டபிள்யூபிஎல்கே நிலையத்தைத்தான் பிடிப்போம். ஏரியைத் தாண்டி வரும் அலை. வானம் வடிவாக இருந்தால் தெளிவாகக் கேட்கும், பனி கொட்டினால் இரைச்சல். இரவு வேலை முடிந்து காரில் வரும்போது இந்தப் பாட்டைக் கேட்டேன். இரண்டாம் நாள் வெற்று கேசட்டோடு காத்திருந்து பதிந்தேன்.

எண்கணக்கு அண்ணை சொன்ன ‘எத்தனை பேர் கேட்டார்கள்’ கணக்கில் ஒரு சின்ன விசயம் சேர்க்கிறேன். இப்படிப்பட்ட பாட்டுகள் அமெரிக்காவில் அதிகம் ஓடுவது இரவில். ‘குவயட் ஸ்டோர்ம்’ என்று சொல்வார்கள். 1976-இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎச்யூஆர் நிலையத்தில் மெல்வின் லிண்ட்சே தொடக்கிய நிகழ்ச்சி அது. ஸ்மோக்கி ராபின்சன் பாட்டிலிருந்து எடுத்த பெயர். பிறகு ஊர் ஊராகப் பரவி ஒரு வகையாகவே ஆகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் காரில் கேட்கும் நேரத்துக்கு இருக்கிற ஆள் எண்ணிக்கை நள்ளிரவுக்கு வராதுதானே? பாட்டின் இயல்பே இரவு. அந்த இயல்புக்கே பட்டியலில் எடை குறைவு என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்கக் கையில் கணக்கு இல்லை, இரவு வேலைக்காரனின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கதையும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். கடையைத் திறக்க வேண்டும்.

---

கேசட் பெட்டி எழுதியது:

எல்லோரும் வீடியோவைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பேசாமல் போகிறீர்கள். நான் பேசுகிறேன்.

பால் ஹன்டரும், டி'ஏஞ்சலோவின் மேலாளர் டொமினிக் ட்ரெனியரும் இயக்கியது. கறுப்புப் பின்னணி, சட்டையில்லாத ஒரு மனிதர், ஒரே ஷாட் போல நகர்கிற கேமரா. இடுப்புக்குக் கீழே சட்டகம் போகாது. அவ்வளவுதான். அந்த வருடம் இந்தப் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோனது வானொலியைவிட அதுதான் என்பேன். ஆனால் எம்டிவியில் எத்தனை முறை ஓடினாலும் ஹாட் 100 கணக்கில் அது சேராதே?

---

எண்கணக்கு எழுதியது:

சேராது. அன்று விற்பனையும் வானொலியும் மட்டும். யூடியூப் பார்வைகளை ஹாட் 100 கணக்கில் எடுத்தது 2013 பிப்ரவரியில். எடுத்த முதல் வாரமே ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடம் வந்தது, ஞாபகம் இருக்கலாம். முப்பது நொடிக் குத்தாட்ட வீடியோக்களின் புண்ணியம். 2000-இல் அந்த விதி இருந்திருந்தால் ‘அன்டைட்டில்ட்’ முதல் பத்துக்குள் வந்திருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

---

திஸ்ரநடை எழுதியது:

வந்திருந்தால் நல்லதா? அந்த வீடியோ அவரை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். 2000-இல் ‘வூடூ’ சுற்றுப்பயணத்தில் மேடையேறினால் கூட்டத்திலிருந்து ‘சட்டையைக் கழற்று’ என்று கூச்சல். ஐந்து வருடம் ஒவ்வொரு அடியையும் செதுக்கி எடுத்த ஆல்பம் அது. 1995-இல் ‘பிரவுன் சுகர்’ வந்த பிறகு அவ்வளவு காத்திருந்தார். கேட்க வந்தவர்கள் பார்க்க வந்தவர்களாக மாறிவிட்டார்கள். மனிதர் நொந்துபோனார். அடுத்த ஆல்பம் ‘பிளாக் மெசையா’ வந்தது 2014 டிசம்பரில்! குடி, விபத்து என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் நாலரை நிமிட வீடியோ மேல் போட முடியாது. ஆனாலும் 25-ஆம் இடத்துப் புகழே இவ்வளவு பாடுபடுத்தியது என்றால் முதலிடத்துப் புகழ்?

---

எண்கணக்கு எழுதியது:

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பட்டியலுக்கே திரும்புகிறேன். டி'ஏஞ்சலோவுக்கு ஹாட் 100-இல் கிடைத்த மிக உயர்ந்த இடம் ‘அன்டைட்டில்ட்’ தந்ததல்ல. 1996-இல் ‘லேடி’ 10 வரை போனது. அதுவும் ரஃபேல் சாடிக்கோடு எழுதியது, அதுவும் ஆர் அண்ட் பி பட்டியலில் 2. இரண்டு பாட்டுமே சொந்த வீட்டில் ஒரே படியில் நின்றவை. வெளியே பதினைந்து படி வித்தியாசம். ‘லேடி’க்குத் தலையாட்டலாம், காரில் போடலாம், பகலிலும் கேட்கலாம்.

இந்த இடைவெளி எவ்வளவு அகலமாகப் போகும் என்பதற்கு மேக்ஸ்வெலையே பாருங்கள். ‘ஃபார்ச்சுனேட்’ ஹாட் 100-இல் 4 என்றேன். பத்து வருடம் கழித்து, 2009-இல், எட்டு வருட மௌனத்தை முடித்துக்கொண்டு ‘பிரெட்டி விங்ஸ்’ பாட்டோடு வந்தார். ஆர் அண்ட் பி பட்டியலில் 14 வாரம் முதலிடம். பதினான்கு வாரம்! ஹாட் 100-இல் 33. அதே மனிதர், அதே குரல். ஆல்பம் வந்த வாரமே முதலிடம், பாட்டுக்கு கிராமி வேறு. ‘அன்டைட்டில்ட்’ கதையேதான், இன்னும் கூர்மையாக.

---

தூங்காத காது எழுதியது:

இதைத்தான் கேட்க நினைத்தேன். அப்படியானால் ‘பிரெட்டி விங்ஸ்’ மாதிரி ஒரு பாட்டு இன்று வந்தால் 14 வாரம் நிற்குமா?

---

எண்கணக்கு எழுதியது:

அந்தப் பட்டியலில் நிற்காது என்றே நினைக்கிறேன். 2012 அக்டோபரில் பில்போர்டு விதியை மாற்றியது. ஆர் அண்ட் பி, கன்ட்ரி போன்ற பட்டியல்களுக்கும் ஹாட் 100-இன் கணக்கையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள்: எல்லா வகை வானொலியும், டிஜிட்டல் விற்பனையும், ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து. எளிதாகச் சொன்னால், ஹாட் 100-ஐ எடுத்து ஆர் அண்ட் பி, ராப் அல்லாதவற்றை உருவிவிட்டால் மிச்சம் இருப்பதே புது ஆர் அண்ட் பி பட்டியல். அந்த வாரம் என்ன நடந்தது தெரியுமா? ரிஹானாவின் ‘டைமண்ட்ஸ்’ 66-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடம். கறுப்பின நிலையங்கள் அந்த ஒரு வாரத்தில் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. பாப் நிலையங்கள் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அதாவது ‘உங்கள் வீட்டில் யார் பெரியவர்?’ என்ற கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கறுப்பின வானொலியை மட்டும் கணக்கெடுக்கும் தனிப் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் முதன்மைப் பட்டியல் அது இல்லை.

அதனால்தான் ‘25-இல் நின்றுவிட்டதே’ என்று நான் வருத்தப்பட மாட்டேன். அந்தக் காலத்துப் பட்டியல் இரண்டு எண்ணைக் கொடுத்தது: 2, 25. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

---

கேசட் பெட்டி எழுதியது:

‘ஃபார்ச்சுனேட்’ எழுதியது ஆர். கெல்லி என்று யாரும் சொல்லவில்லையே. 2021-இல் பாலியல் குற்ற வழக்கில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகு என்னால் அதைக் கேட்க முடியவில்லை. மேக்ஸ்வெல் மேல் தப்பில்லை, தெரியும். அதனால்தானோ என்னவோ அந்த எட்டு வாரத்தை என் மண்டை டி'ஏஞ்சலோவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

---

ரயிலடி எழுதியது:

அது நல்ல மறதி.

---

ஸ்காபரோ பனி எழுதியது:

கடை பூட்டியாச்சு. மிச்சக் கதை.

கேசட்டில் நான் பதிந்தது வானொலிக்கு நறுக்கிய வடிவம், அதுவும் இரைச்சலோடு. ஒரு வருடம் அதைத்தான் கேட்டேன். பிறகு சம்பளத்தில் ‘வூடூ’ சிடியை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். எனக்குத் தெரிந்த இடத்தைத் தாண்டிப் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. குரல் ஏறி ஏறி, கத்தலாகி, இதோ உச்சம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, டக்கென்று நின்றுவிட்டது. சொல்லின் நடுவிலே. கத்தரியால் வெட்டினது போல.

சிடி பழுது என்று நினைத்தேன். அடுத்த நாள் ரசீதோடு கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த ஜமேக்கப் பெடியன் போட்டுக் கேட்டுவிட்டு, இதோடு திருப்பிக் கொடுக்க வந்த மூன்றாவது ஆள் நீ என்றான். கடைசி வரை ஒரு சொட்டும் சிரிக்கவில்லை. “அது அப்படித்தான் முடியும். டேப் தீர்ந்துபோச்சு என்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேள்” என்றான்.

---

திஸ்ரநடை எழுதியது:

டேப் தீர்ந்த கதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். தீர்ந்ததோ வெட்டினார்களோ, அதை அப்படியே விட்டது கலைஞன் முடிவு. கச்சேரியில் தீர்மானம் (தாளத்தை முடித்து வைக்கும் அடிகள்) வைத்து, அரங்கம் கைதட்டக் காத்திருந்து முடிக்கிற பழக்கம் நமக்கு. அவர் கோர்வை நடுவில் எழுந்து போய்விட்டார்.

---

தூங்காத காது எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஸ்பீக்கரில் முழுசாகப் போட்டேன், 7 நிமிடம் 10 நொடியும். வெட்டு விழுந்த இடத்தில் அடுத்த அறையிலிருந்து மனைவி குரல்: “என்னங்க, கரண்ட் போயிடுச்சா?”